கழுத்துப்பட்டை விட்டுப்போன பறவை

சிப்பிமுனையில் மூளைக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. செலவு செய்தால்தானே தட்டுப்பாடு வரும். அதிலும் கஸ்பார் ரொம்பச் சிக்கனம்.

அன்று காலை அவன் வலையில் நாலு கூடை நெத்திலி. வெயிலில் போடாவிட்டால் பொழுது சாயுமுன் நாறிப்போகும். அவன் மனைவி பிரகாசி உப்புப் போட்டுப் பிசறிக் கொடுத்தாள். தூக்கிக்கொண்டு போனால், வழக்கமாகக் காயப்போடும் மணலில் நட்டநடுவே ஒரு உப்புக்கொத்திக் குருவி உட்கார்ந்திருந்தது.

போன வாரம்தான் வனக்காவலர் ஊருக்கு வந்து, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "உப்புக்கொத்தியில ரெண்டு சாதி, பார்க்க ஒண்ணுபோலவே இருக்கும். கறுப்புப் பட்டை கழுத்தைச் சுத்தி முழுசா இருந்தா விருந்தாளி, தானாப் போயிடும். நெஞ்சுக்கு நடுவுல பட்டை விட்டுப்போயிருந்தா இங்கேயே முட்டை வைக்கிறது. அதுக்குப் பத்தடிக்குள்ள யாரும் நடமாடக் கூடாது. முன்பக்கமாப் பார்த்தாத்தான் தெரியும். நின்னாப் பறந்திடும், படுத்துப் போய்ப் பாருங்க."

கஸ்பார் தம்பி மிக்கேலையும் மச்சினன் சந்தியாகுவையும் கூட்டிவந்தான். ஒருவன் செய்கிற தப்பை மூவராகச் செய்தால் பாரம் குறையுமே.

மிக்கேல் தாளை விரித்தான். "அண்ணே, படத்துல இருக்கது இடப்பக்கம் பார்க்குது. இது வலப்பக்கம் பார்க்குது. இது அது இல்லை."

"தாளைத் திருப்புலே. வலப்பக்கம் பார்க்கும்," என்றான் கஸ்பார்.

திருப்பினான். பின்புறம் வெறும் வெள்ளை. "பறந்திடுச்சு அண்ணே," என்றான்.

"அதுக்குக் காலும் இல்லை மச்சான்," என்றான் சந்தியாகு. "படத்துல ரெண்டு கால் இருக்கு."

"உக்காந்திருக்குடே."

"அப்ப உக்காந்த படத்தை அவர் தந்திருக்கணும்லா."

நியாயம்தான் என்று மூவரும் கொஞ்ச நேரம் அரசாங்கத்தைக் குறை சொன்னார்கள். கூடையில் ஈ மொய்த்தது. நாலு கூடையும் போனால் பிரகாசி சும்மா விடுவாளா? படுத்துப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

மூவரும் குப்புற விழுந்து, உடும்பு மாதிரி ஊர்ந்தார்கள். பக்கவாட்டில் போன மிக்கேல் பட்டை இருக்கிறது என்றான். பின்பக்கம் போன சந்தியாகு பட்டையே இல்லை என்றான். ஆக இரண்டு பறவை என்று தீர்மானித்து, இரண்டாவதைத் தேடினார்கள். முன்பக்கம் நாலடியில் மூக்கை நீட்டிய கஸ்பார்தான் கண்டுபிடித்தான்: நெஞ்சுக்கு நடுவே பட்டை விட்டுப்போயிருந்தது.

"லேய், அசையாதீங்க. இது முட்டை வைக்கிற சாதி."

"அதனால என்ன அண்ணே?"

"பத்தடிக்குள்ள நடமாடக் கூடாதுன்னு சொன்னாருல்லா. நாம பத்தடிக்குள்ளதான கிடக்கோம்."

"ஊர்ந்து வெளியே போயிருவோம்," என்றான் சந்தியாகு.

"ஊர்ந்தாலும் நடமாட்டந்தான் மாப்ள."

சட்டம் தெரிந்தவர்கள் பாருங்கள், அப்படியே கிடந்தார்கள். பறவை அவர்களை ஒரு பார்வை பார்த்தது. எழுந்து தண்ணீர்ப் பக்கம் ஓடி, இரை கொத்தித் தின்று, திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. இவர்கள் மட்டும் விரலைக்கூட அசைக்கவில்லை.

உச்சி வெயிலில் பிரகாசி வந்தாள். எட்ட நின்று பார்த்தாள்.

"என்ன, மூணு பேரும் அடைகாக்கியளா?"

கஸ்பார் கிடந்தபடியே விவரம் சொன்னான். "நெத்திலி நாறிடும் பிரகாசி. நாங்க வெளியே வர வழியில்லை. மீனை எங்கே போடுறது?"

"மூணு மைல் கரை கிடக்கு. பத்தடியை விட்டுட்டு மிச்சத்துல போட்டா கடல் கோவிச்சுக்குமோ?"

கூடைகளை முப்பதடி தள்ளி இழுத்துப்போய் நெத்திலியை அவளே பரப்பினாள். ஒரு பக்கம் காய்ந்ததும் வந்து புரட்டிப்போட்டாள். முதுகு சிவந்து கிடந்த மூவரையும் பார்த்தாள்.

"நீங்களும் திரும்பிப் படுங்க. ஒரு பக்கமே காயுது."

"புரளுறது நடமாட்டமா அண்ணே?" என்று மிக்கேல் கேட்டான்.

கஸ்பார் நெடுநேரம் யோசித்தான். "கிடந்த இடத்துலதான புரளுறோம். புரளலாம்."

மூவரும் ஒன்றாகப் புரண்டு மல்லாந்தார்கள். சற்று நேரம் கழித்து மிக்கேல் கவலையோடு குரல் கொடுத்தான்.

"மதினி, எங்களுக்கு உப்புப் போடவே இல்லையே."