பந்தியில் முப்பது கை

“அம்மா, எனக்கு முப்பது கை வேணும்!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்து வாசலில் நின்று கத்தினார் வைரக்கண்ணு.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அகிலாண்டத்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்கிற ரெண்டு கையை வெச்சே ஊரை இந்தப் பாடு படுத்துறீங்க. முப்பது எதுக்கு?”

வைரக்கண்ணுவுக்கு வயது அறுபத்திரண்டு. ஆளுங்கட்சியின் கொறடா. சபையில் கட்சிக்காரர்கள் எதற்குக் கை தூக்க வேண்டும், எதற்குத் தூக்கக் கூடாது என்று மேய்க்கிற உத்தியோகம். அகிலாண்டத்தம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் பதினோரு வருஷமாக அம்மாதான் அவருக்குக் குரு. மனசு கொதித்தால் மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிடுவார். இன்றைக்குக் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

“ஜெயிச்சுட்டோம்னு சொன்னாங்களே?” என்றார் அம்மா.

“ஜெயிச்சதுதான் வினையாப் போச்சு! சபையில ஐம்பத்தொன்பது பேர். அதுல நாங்க முப்பத்தொண்ணு. முப்பது கை தூக்கினாத்தான் சபைக்குத் தலைவர். இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரை உட்கார வைக்க முடியல.”

“ஏன்?”

“மருதையன் பேரைச் சொன்னா அவர் கூட்டம் பதினஞ்சு பேர் கை தூக்குறாங்க. திரிபுரசுந்தரி பேரைச் சொன்னா அந்தம்மா கூட்டம் பதினஞ்சு. ஒருத்தர் தூக்கும்போது மத்தவங்க கையைக் கட்டிக்கிறாங்க. நடுவுல நான் ஒருத்தன். அஞ்சு தடவை வாக்கெடுப்பு நடத்தியாச்சும்மா!”

“எதிர்க்கட்சி?”

“பாப்கார்ன் வாங்காத குறைதான்.”

அம்மா சிரித்துவிட்டார். வைரக்கண்ணு சிரிக்கவில்லை.

“இன்னிக்கு நாலு மணிக்குள்ள தலைவர் இல்லேன்னா சபையே கலைஞ்சுடும். மறுபடி தேர்தல். போன மழையில எங்க ஆத்துக்கரை உடைஞ்சு எழுபது வீடு போச்சு. முதல் சட்டமே கரை கட்டத்தான்னு அந்தச் சனங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அடுத்த மழைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. நான் எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்?”

செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தலைவரானவர் என்ன செய்வார்?” என்று கேட்டார் அம்மா.

“எல்லாரையும் பேச விடணும். அவர் எந்தக் கட்சிக்காகவும் பேசக் கூடாது. உட்காருன்னு சொன்னா எல்லாரும் உட்காரணும்.”

“நீங்க எப்படிப்பட்டவரைத் தேடுறீங்க?”

“எங்க ஆளாப் பார்த்துத்தான்.”

“ரெண்டு கூட்டமும் அதையேதான் தேடுதா?”

“வேற எதைத் தேடுவாங்க?”

அம்மா கீரைத் தண்டை முறத்தில் போட்டார். “அவங்கல்லாம் இப்ப எங்கே?”

வைரக்கண்ணு அசட்டுச் சிரிப்போடு வாசலைக் காட்டினார். இரண்டு பஸ்கள் நின்றன. முப்பது பேரின் செல்போன்களும் ஒரு கூடையில் கிடந்தன. சொகுசு விடுதியில் அடைத்தால் ஜன்னல் வழியாக ஆள் போய்விடும் என்று பயந்து எல்லாரையும் மடத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பஸ்ஸில் மருதையன் வாழ்க, இன்னொரு பஸ்ஸில் திரிபுரசுந்தரி வாழ்க. மலைக்குரங்குகள்கூடக் கிளையை விட்டு ஓடிப்போயிருந்தன.

“உள்ளே வரச் சொல்லுங்க. சாப்பாட்டு நேரம்.”

“அம்மா! மணி பன்னிரண்டு! சாப்பிடவா வந்தோம்?”

“பசிக்கலையா?”

பசித்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களுக்கு வந்தவர்களில் ஒருவரே பந்தி விசாரிக்க வேண்டும். அப்படி விசாரிப்பவர் எல்லாரும் எழுந்த பிறகுதான் சாப்பிடலாம். கூடத்தில் இலை போட்டாயிற்று. வடை மணம் ஆளைத் தூக்கியது.

“யார் விசாரிக்கப் போறீங்க?” என்று கேட்டார் அம்மா.

மருதையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். “எல்லாரும் உட்காருங்க!”

அவர் ஆட்கள் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் மேற்கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

“அவர் கையால பரிமாறினா எங்க எலைக்குக் கறிவேப்பிலைதான் வரும்” என்றது ஒரு குரல்.

திரிபுரசுந்தரி முந்தானையைச் செருகினார். “நான் பார்த்துக்கறேன். நீங்க உட்காருங்க!”

நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

இரண்டு தரம், மூன்று தரம் இதே கூத்து. சோற்றிலிருந்து கிளம்பிய ஆவி குறைந்துகொண்டே வந்தது. வைரக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் சம்மனசு. தெற்கே கடற்கரைத் தொகுதியிலிருந்து முதல் தடவையாக ஜெயித்து வந்தவர். ஐந்து நாளாகச் சபையில் வாயே திறக்காதவர். நேராகப் போய்ச் சோற்று வாளியைத் தூக்கினார்.

“சோறு ஆறுது. ஆளைப் பாக்காதீங்க, எலையப் பாத்து உட்காருங்க.”

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

யார் பக்கத்தில் யார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. வைரக்கண்ணுவும் உட்கார்ந்துவிட்டார்.

“தூணுக்குப் பின்னால நிக்கிற அண்ணாச்சி, நீங்களுந்தான்.”

எதிர்க்கட்சி அனுப்பிய வேவுக்காரர் அசடு வழிய வெளியே வந்து கடைசி இலையில் உட்கார்ந்தார். அவருக்கும் மற்றவர்களுக்கு விழுந்த அதே அளவு சோறு விழுந்தது.

மருதையன் இலையைத் தட்டினார். “இன்னொரு வடை வைம்மா.”

“கடைசி எலைக்கு இன்னும் ஒண்ணே போகல. இருங்க.”

திரிபுரசுந்தரி கூடம் அதிரச் சிரித்தார். சிரித்த கையோடு, “எனக்காவது ஒண்ணு வை” என்றார்.

“உங்களுக்கும் அதேதான் அக்கா. சிரிச்சா புரையேறும், சாப்பிடுங்க.”

நடுவில் இரண்டு பேர் எகிறினார்கள். அப்பளத்தை யார் முழங்கையால் நொறுக்கினார்கள் என்று வழக்கு. சம்மனசு கரண்டியோடு நின்றார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினா எனக்கு எப்படிக் கேக்கும்? முதல்ல இவர் சொல்லட்டும். அடுத்து நீங்க.”

அவர் சொன்னார். இவரும் சொன்னார். சொல்லி முடித்ததும் இருவருக்கும் கோபம் போய்விட்டது. அப்பளம் போன துக்கம் மட்டும் மிச்சம்.

அம்மா வைரக்கண்ணுவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“கொறடா ஐயா, இவங்க எந்தக் கூட்டம்?”

வைரக்கண்ணு வாயைத் திறந்தார். முப்பது பேரின் பக்கமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சம்மனசும் ஐந்து தடவை கை தூக்கியிருக்கிறார், யாருக்கென்றுதான் நினைவுக்கு வரவில்லை.

“மறந்து போச்சும்மா.”

“நீங்க ஏன் உட்கார்ந்தீங்க?”

“அவங்க உட்காரச் சொன்னாங்க.”

அம்மா கீரையைக் காட்டினார். “நல்லா வெந்திருக்கு. சாப்பிடுங்க.”

வைரக்கண்ணுவின் கையிலிருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. துள்ளி எழுந்தார், இலை அவரோடு பாதி தூரம் எழுந்து விழுந்தது. சம்மனசு ரசம் எடுக்க அடுக்களைக்குள் போயிருந்தார்.

“எல்லாரும் கேளுங்க! சம்மனசு சபைத் தலைவரா வர்றதுக்கு யார் யார் சம்மதம்? கை தூக்குங்க!”

மெல்லுகிற சத்தம் நின்றது.

மருதையன் திரிபுரசுந்தரியைப் பார்த்தார். திரிபுரசுந்தரி மருதையனைப் பார்த்தார். ஐந்து நாளில் அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கு ரெண்டாவது வடை தரலை இந்தம்மா” என்றார் மருதையன்.

“எனக்கும்தான் தரலை” என்றார் திரிபுரசுந்தரி.

மருதையனின் கை மேலே போனது. திரிபுரசுந்தரியின் கையும் போனது.

அதன் பிறகு கூடம் முழுக்கக் கைகள். எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள். பருக்கை ஒட்டிய கை, சாம்பார் முழங்கை வரை வழிகிற கை. வைரக்கண்ணு ஒரு கோடியிலிருந்து எண்ணினார். இருபத்தொன்பது. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். முப்பது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

சம்மனசு ரச வாளியோடு அடுக்களையிலிருந்து வந்தார். தூக்கிய கைகளைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

“ரசம் எல்லாருக்கும் இருக்கு. கையை இறக்குங்க, ஒவ்வொரு எலையா வர்றேன்.”

முப்பது கைகளும் இறங்கின.