இரண்டு படி கஞ்சிச் சட்டை

சித்திரை பிறந்துவிட்டால் மத்திக்குப்பத்தில் காக்கா கூட வாயைப் பிளந்துகொண்டுதான் உட்காரும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, காற்றுக்கு என்ன குறைச்சல் என்று கேட்பீர்கள். காற்று இருக்கிறது ஐயா, ஆனால் பிழிந்து உதறாத காற்று. குளித்துவிட்டு வெளியே வந்து நிற்பவனைப் பார்த்தால் குளித்தானா வேர்த்தானா என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிற அம்பலவாணனுக்குப் போய், கடவுள் மற்றவர்களைவிட இரண்டு பங்கு வேர்வையைக் கொடுத்திருந்தார்.

வயசு முப்பத்துமூன்று. ஆறு இடத்தில் பெண் பார்த்தாயிற்று, ஆறும் வேர்வையில் போயிற்று. நாலாவது வீட்டில் பெண்ணின் அம்மா காபிக்குப் பதிலாகத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆறாவது வீட்டில், "வழியில நல்ல மழையோ தம்பி?" என்று விசாரித்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாள் அது. அதோடு அம்பலவாணனின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "என்னை விட்டுடுப்பா. ஆறு வீட்டு பஜ்ஜி தின்னு என் வயிறே கெட்டுப்போச்சு. இனிமே நீயே போ, நீயே பாரு, நீயே கட்டிக்கோ."

ஏழாவதாக வந்ததுதான் தாழைமேட்டுச் செண்பகவல்லி. துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் பாளங்களை லாரியில் ஏற்றிவிடுகிற வேலை அவளுக்கு. அம்பலவாணன் அவளை ஒரு தடவை பார்த்திருக்கிறான். ஒரு துண்டு ஐஸை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ஒரு லாரி டிரைவரைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவன் ஒட்டிய பஞ்சர் ஒன்றுகூட நிற்கவில்லை. மனசு அங்கேயே நின்றுவிட்டது.

தரகரிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நாள் முழுக்க ஐஸ் ரூம்ல நிக்கிறவ நான். வேர்த்து ஊத்தினவங்களைப் பார்த்தாலே எனக்குக் கசகசன்னு இருக்கு. கத்திரி வெயில்ல ஜம்முன்னு உடுத்திக்கிட்டு வரட்டும். வந்து உட்கார்ந்து, காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் சட்டை நனையாம இருக்கணும். அப்படி இருக்கிறவன் எவனோ, அவனுக்குக் கழுத்தை நீட்டுறேன்."

அம்பலவாணனுக்கு இதைக் கேட்டபோதே நெற்றி வேர்த்தது.

அவனுக்கு மூன்று கூட்டாளிகள். வைரக்கண்ணு வயசில் மூத்தவர், ஆகவே புத்தியிலும் மூத்தவர் என்று அவராகவே முடிவு செய்துகொண்டவர். அடுத்தவன் குஞ்சிதபாதம், எந்த வேலையைக் கொடுத்தாலும் சொன்னதற்கு மேல் செய்கிறவன். மூன்றாமவன் சடகோபன், சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யாதவன். நாலு பேரும் டெய்லர் மஸ்தான் பாயிடம் போய் நின்றார்கள்.

"பாய், வெயிலும் தெரியக் கூடாது, வேர்வையும் தெரியக் கூடாது, பார்த்தா ராஜா மாதிரி இருக்கணும். என்ன பண்ணலாம்?"

மஸ்தான் பாய் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார். "மூணே விஷயம். ஒண்ணு, வெள்ளைப் பருத்தியில நல்லா லூசா தைக்கணும். இன்னொரு ஆள் உள்ள நுழையலாம்ங்கிற மாதிரி இருந்தாத்தான் காத்து ஓடும். ரெண்டு, சட்டைக்கு விறைப்பா கஞ்சி போடணும். தொளதொளன்னு தொங்கக் கூடாது. மூணு, போற வழியில நிழல்லயே போகணும். அவ்வளவுதான்."

மூன்று விஷயத்தை ஒரே ஆள் ஞாபகம் வைத்துக்கொள்வது மத்திக்குப்பத்தில் வழக்கமில்லை. ஒருத்தன் தலையில் மூன்றையும் ஏற்றினால் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பார்கள். ஆகவே அங்கேயே பங்கு பிரித்தார்கள். லூசு வைரக்கண்ணுவுக்கு, கஞ்சி குஞ்சிதபாதத்துக்கு, நிழல் சடகோபனுக்கு. ஒருத்தர் பங்கில் இன்னொருத்தர் தலையிடக் கூடாது என்று சத்தியமும் செய்துகொண்டார்கள்.

சட்டை தைத்து வந்தது. வைரக்கண்ணு அதை அம்பலவாணனுக்குப் போட்டுவிட்டு, "பாய் சொன்ன மாதிரி இருக்கான்னு பார்க்கணும்ல" என்று தானும் கீழே குனிந்து உள்ளே நுழைந்தார். தலை வெளியே வரவில்லை.

"டேய், இன்னொரு ஆள் நுழையணும்னாரு. நுழைஞ்சேன். ஆனா மூச்சு விட இடமில்லையே?" என்றது சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"மூச்சு விடுறதைப் பத்திப் பாய் ஒண்ணும் சொல்லலையேண்ணே," என்றான் சடகோபன்.

"செத்துட்டா ஆள் கணக்கு ஒண்ணுதானே ஆகும்? மூச்சோட சேர்த்துத்தான் ரெண்டு ஆள்." வைரக்கண்ணு சொன்னால் சொன்னதுதான். மறுபடி பிரித்துத் தைத்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேரும் உள்ளே நின்று தாராளமாகப் பேசிக்கொள்ள முடிந்தது.

அடுத்து கஞ்சி. ஊரில் எல்லோரும் ஒரு கைப்பிடி அரிசி போட்டு வடித்த கஞ்சியில் சட்டையை முக்குவார்கள். குஞ்சிதபாதம் சொன்னதற்கு மேல் செய்கிறவன் அல்லவா, இரண்டு படி அரிசியைக் குழையக் காய்ச்சினான். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"உப்பில்லாம கஞ்சியாடா இது? மாடு கூட மோந்து பார்க்காது." இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டான். அடுத்து, போட்டதுதான் போட்டோம் என்று நாலு சின்ன வெங்காயத்தையும் தட்டிப் போட்டான். முக்கி எடுத்து வெயிலில் காயப்போட்ட சட்டை, சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்ததும் தானாகவே தரையில் நின்றது. இரண்டு கையும் இரண்டு பக்கம் நீட்டியபடி விறைத்து நின்ற அதைப் பார்த்து, தெருவில் போன ஒரு பெரியவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். குஞ்சிதபாதத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எல்லாம் சரி," என்றான் அம்பலவாணன் கவலையோடு. "உள்ள இருக்கிற எனக்கு வேர்க்குமே?"

நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். வைரக்கண்ணு தாடையைச் சொறிந்தார்.

"ஒரு மனுசனுக்குள்ள எவ்வளவு வேர்வைடா இருக்கும்? மிஞ்சிப்போனா ரெண்டு குடம். அதை முன்கூட்டியே காலி பண்ணிட்டா?"

"அப்புறம் வர்றதுக்கு ஒண்ணும் இருக்காதே!" என்று மற்ற மூன்று பேரும் துள்ளினார்கள்.

பெண் பார்க்கப் போகிற வெள்ளிக்கிழமை காலையில் நெல் அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் அம்பலவாணனை இரண்டு கம்பளியில் சுற்றி உட்காரவைத்தார்கள். கால்மணிக்கு ஒரு தடவை வைரக்கண்ணு வந்து கம்பளியை விலக்கிப் பார்ப்பார். "இன்னும் வருதா?" "வருதுண்ணே." மூடிவிடுவார். அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டு செண்பகவல்லியையும் அவள் வாயிலிருந்த ஐஸ் துண்டையும் நினைத்துப் பொறுத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் கழித்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தீர்ந்துபோச்சு!" என்று வைரக்கண்ணு கூவினார். அம்பலவாணன் சைகையால் தண்ணீர் கேட்டான். "பைத்தியக்காரா, காலி பண்ண குடத்தை மறுபடி ரொப்பறதா? நிச்சயம் முடியட்டும், குளத்தையே குடிச்சுக்கோ."

புறப்பட்டார்கள். சட்டை கசங்கிவிடுமே என்று வைரக்கண்ணுவும் குஞ்சிதபாதமும் அதை ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு குறுக்கு வழியில் முன்னால் போனார்கள். பனியனோடு வந்த அம்பலவாணன் சடகோபன் பொறுப்பு.

தாழைமேடு தெற்கே ஒன்றரை மைல். சடகோபன் ரோட்டில் கால் வைக்காமல் நின்றான். ரோட்டில் நிழலே இல்லை. சற்று நேரத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அசைந்து அசைந்து வந்தது. அதன் பக்கத்தில் நல்ல கறுத்த நிழல். சடகோபன் அம்பலவாணனை இழுத்து அதற்குள் விட்டான்.

கொஞ்ச தூரம் போனதும் அம்பலவாணன் வறண்ட தொண்டையால், "சடகோபா, இது வடக்கே போகுதுடா!" என்றான்.

"திசை வேற, நிழல் வேற. என்கிட்ட ஒப்படைச்சது நிழல்தான்."

"தாழைமேடு தெற்கேல்ல இருக்கு?"

"தாழைமேட்டை யார்கிட்ட ஒப்படைச்சாங்களோ அவங்களைக் கேளு."

வண்டி வைக்கோலை இறக்கிவிட்டு வேறு சுமையோடு தெற்கே திரும்புகிற வரை இரண்டு பேரும் அதன் நிழலிலேயே பத்திரமாக நின்றார்கள். திரும்பி வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது, வண்டிக்கும் நிழல் இல்லை. சடகோபன் குனிந்து பார்த்தான். "கவலைப்படாதே. உன் நிழல் உன் காலடியிலேயே இருக்கு. அதுலயே நட."

பெண் வீட்டு வாசலில் சட்டை இவர்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் தூக்கி அதை அம்பலவாணனுக்கு மேலிருந்து கவிழ்த்தார்கள். உள்ளே போன கை மடங்கவில்லை. வணக்கம் சொல்லப் போனவன் இரண்டு கையையும் விரித்தபடி நின்றதைப் பார்த்து, செண்பகவல்லியின் அப்பா தர்மலிங்கம், மாப்பிள்ளை கட்டிப்பிடிக்க வருகிறார் என்று நினைத்துக் கூச்சத்தோடு ஒதுங்கிக்கொண்டார்.

முற்றத்து வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் தர்மலிங்கம் ஒரு பெரிய சொம்பு நீர்மோரை நீட்டினார். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க மாப்பிள்ளை."

வைரக்கண்ணு பதறிக் கண்ணைக் காட்டினார். ஆனால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதையா? அதைவிட, அம்பலவாணனுக்கு உயிர் போகிற தாகம். கை மடங்காததால் சடகோபனே வாயில் ஊற்றினான். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, மூன்றாவது சொம்பும் போயிற்று.

அவ்வளவுதான். காலையில் போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. முதலில் முதுகு, பிறகு அக்குள், பிறகு மார்பு. நனைந்த இடத்தில் கஞ்சி இளகி, சட்டை அவன் முதுகோடும் நாற்காலியோடும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. 'போச்சு, ஏழும் போச்சு' என்று அம்பலவாணன் உள்ளுக்குள் அழுதான். இனி ஐஸ் லாரி போகிற ரோட்டில் எந்த முகத்தோடு பஞ்சர் ஒட்டுவது?

அப்போது முதுகில் சொரசொரவென்று ஏதோ நக்கியது.

வேப்பமரத்தின் அந்தப் பக்கம் கட்டியிருந்த செண்பகவல்லியின் கறுப்பாடு அது. உப்புப் போட்ட கஞ்சி, அதுவும் வெங்காயம் தட்டிப் போட்டது! ஆடு என்ன சாமியாரா? விறைப்பாக இருந்த இடத்தை மோந்து பார்த்து விட்டுவிட்டது. நனைந்து மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்துக் கடித்து இழுத்து மென்றது.

அம்பலவாணனால் எழுந்திருக்க முடியவில்லை, ஒட்டியிருக்கிறது. கத்தவும் முடியவில்லை, மாப்பிள்ளை. கண்ணாலேயே கூட்டாளிகளைக் கெஞ்சினான். அவர்கள் மெல்லிய குரலில் ஆலோசனை செய்தார்கள்.

"ஆட்டை விரட்டலாமா?" என்றான் குஞ்சிதபாதம்.

"ஆடு யார் பங்கு?" என்று கேட்டார் வைரக்கண்ணு. "என் பங்கு லூசு. சட்டை நிமிஷத்துக்கு நிமிஷம் லூசாயிட்டுத்தான் இருக்கு. எனக்கு ஒரு குறையும் இல்லை."

"என் கஞ்சியையும் ஆடு குறை சொல்லலை," என்று குஞ்சிதபாதம் பெருமையோடு ஒப்புக்கொண்டான்.

சடகோபன் எட்டிப் பார்த்தான். "ஆடும் நிழல்லதான் நிக்குது."

ஆகவே யாரும் விரட்டவில்லை. வேர்வை எங்கெல்லாம் பரவியதோ அங்கெல்லாம் ஆடு பின்னாலேயே போயிற்று. தர்மலிங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பட்டணத்துப் பாணியாக இருக்குமோ, கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்பார்களோ என்று சும்மா இருந்துவிட்டார்.

செண்பகவல்லி காபியோடு வந்தபோது அம்பலவாணன் கழுத்தில் ஒரு காலரும், அதிலிருந்து தொங்கும் ஒரு பட்டன் பட்டையும் மட்டும் இருந்தன. அவள் அந்தக் காலரை ஒரு பார்வை பார்த்தாள். தம்ளரைக் கொடுத்தாள். மடக்க விடாத சட்டைக் கை இரண்டும் ஆட்டின் வயிற்றுக்குப் போய்விட்டதால், முதல் முறையாக அவனே வாங்கிக் குடிக்க முடிந்தது. குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"மன்னிச்சுக்கோங்க. நனைஞ்சதுங்க. நனைஞ்சதையெல்லாம் உங்க ஆடு தின்னுடுச்சு."

அவள் கிட்டே வந்து ஒரு விரலால் காலரைத் தட்டிப் பார்த்தாள். டக் டக் என்றது. பட்டன் பட்டையைத் தடவிப் பார்த்தாள். ஈரப் பொட்டில்லை. அதோடு அவளால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து நெற்றியெல்லாம் வேர்த்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, காபி குடிச்சு முடிச்சாச்சு. இருக்கிற சட்டை நனையலை. சொன்ன சொல் சொன்னதுதான். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

அம்பலவாணன் சந்தோஷத்தில், வழிந்த கஞ்சியால் வேட்டியோடு ஒட்டிப்போயிருந்த நாற்காலியோடு எழுந்து நின்றான்.

தர்மலிங்கம் வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். "சீர்செனத்தி என்ன எதிர்பார்க்கிறீங்க?" மூன்று கூட்டாளிகளும் ஓரமாகப் போய் வெகுநேரம் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டு வந்தார்கள். வைரக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "எங்களுக்குப் பேராசை கிடையாது. ஆட்டைக் கொடுத்தாப் போதும். மாப்பிள்ளை உடுத்திக்கிட்டு வெளிய போற இடத்துக்கெல்லாம் அது கூட இருக்கணும்."

ஆனி மாசம் கல்யாணம். அப்போதும் புழுக்கம் குறையவில்லை. மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அம்பலவாணன், இன்றைக்கு உடுத்தியிருப்பது வேட்டியும் துண்டும்தானே, சட்டையே இல்லையே என்று நிம்மதியாக இருந்தான். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. தாலியைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து, குஞ்சிதபாதம் பின்னாலிருந்து அவன் காதருகே குனிந்தான்.

"மாப்ளே, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாம வேர்த்துக்கோ. வேட்டிக்கு மூணு படி காய்ச்சி முக்கியிருக்கேன். சடகோபன் ஆட்டை அவுத்துவிடப் போயிருக்கான்."