அடுத்த சத்தம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு நாற்பத்தாறு. உலகத்தில் இப்படியும் நடக்கும்.

குரு பியூலா, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் அணுக்கரு இயற்பியல் பேராசிரியர். சீடர் கோமதிநாயகம், அதே ஊரில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை பார்த்துக்கொண்டே அவரிடம் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவர். எதையும் கணக்குப் போடாமல் செய்யமாட்டார். காய்ச்சல் வந்தால்கூட முதலில் கிராஃப் வரைந்துவிட்டுத்தான் மாத்திரை போடுவார் என்று கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கையில் ஒரு கிராஃப் தாளோடு ஆய்வகத்துக்கு வந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். ஆய்வு சம்பந்தப்பட்டது இல்ல."

"சொல்லுங்க சார்."

"அப்பாவுக்கு ஈரல்ல புற்றுநோய். வாசுதேவநல்லூர்ல அண்ணன் வீட்ல இருக்காவ. எவ்வளவு நாள்னு டாக்டர்கிட்ட கேட்டோம். இந்த நிலைமைல இருக்கவங்கள்ல பாதிப் பேர் ஆறு மாசம் தாண்ட மாட்டாங்கன்னாரு."

"எப்பச் சொன்னார்?"

"ஏழு வாரம் ஆச்சு."

"போய்ப் பார்த்தீங்களா?"

கோமதிநாயகம் தாளை மேசைமேல் விரித்தார். ஒரு கோடு உயரத்திலிருந்து சரிந்து இறங்கியது. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுளுக்கு, அதாவது அணுக்களில் பாதி சிதைந்து தீரும் காலத்துக்கு, வரைகிற அதே கோடு. கீழே மாதங்களின் பெயரை எழுதியிருந்தார்.

"லீவு ஒன்பது நாள்தான் மிச்சம் மேடம். சனி ஞாயிறும் பகுதி நேர வகுப்பு. இப்பப் போனா மூணு நாலு நாள் போயிரும். அப்புறம் காரியத்துக்கு என்ன செய்ய? பதினாறு நாளும் இருக்க முடியாட்டாலும் ஒன்பது நாளாவது நான் அங்க நிக்கணும்லா? இந்தக் கோட்டை வச்சு, எந்த மாசம் லீவைப் போடலாம்னு நீங்கதான் சொல்லணும்."

பியூலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவைப் பார்க்கப் போகாமல், அவருடைய காரியத்துக்கு லீவு சேர்த்து வைக்கிற மனிதரை அவர் அன்றுதான் பார்த்தார். ஆனால் மாதங்களின் பெயரை அழித்து அழித்து எழுதியதில் தாளின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. மனிதர் பயந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது. கோபம் போய்விட்டது.

பியூலா ஈயப் பெட்டியைத் திறந்தார். சட்டைப் பொத்தான் அளவுள்ள கதிரியக்கச் சீசியம் வில்லை ஒன்றை இடுக்கியால் எடுத்து, கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவிக்குச் சற்றுத் தள்ளி வைத்தார்.

டிக். டிக் டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக்.

"ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னாடி ஒரு அணுக்கரு சிதையுது. அடுத்த சத்தம் வர்றதுக்குச் சரியா முன்னாடி கையைத் தூக்குங்க. பத்துத் தடவை சரியாத் தூக்கினா, எந்த மாசம்னு சொல்றேன்."

கோமதிநாயகம் தூக்கினார். சத்தம் முந்திக்கொண்டது. அடுத்த முறை கை முந்திக்கொண்டது. ஒருமுறை வெகுநேரம் சத்தமே இல்லை. இவ்வளவு நேரம் வராதது இப்போது வந்துதான் ஆகவேண்டும் என்று தைரியமாகத் தூக்கினார். வரவில்லை. கை வலித்துக் கீழே போட்டதும் மூன்று சேர்ந்தாற்போல் வந்தன.

"இது நடக்காத காரியம் மேடம். பத்து நிமிஷத்துல எத்தனைன்னு கேளுங்க, சொல்லுதேன். முந்நூறு. பதினஞ்சு இருபது கூடக் குறைய இருக்கும்."

"சொல்வீங்க. இந்த வில்லைல இருக்கிற சீசியம் அணுக்கள்ல பாதி சிதைய முப்பது வருஷம் ஆகும்னும் சொல்வீங்க. இதுல ஒரே ஒரு அணு, முப்பது வருஷம் சிதையாம உட்கார்ந்திருக்குன்னு வைங்க. இனிமே அதுக்கு எவ்வளவு நாள்?"

"இன்னிக்கு உண்டான அணுவுக்கு என்ன வாய்ப்போ, அதேதான். அணுவுக்கு வயசாகாது."

"அப்பாவுக்கு?"

"எழுபத்தெட்டு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. வயதாகாத அணுவுக்கு வரைகிற கோட்டை அப்பாவுக்கு வரைந்து வைத்திருந்தார். கருவி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா போன்ல பேசினாரா?"

"ஞாயித்துக்கிழமை பேசினாவ. எப்பல வாரேன்னு கேட்டாவ."

"என்ன சொன்னீங்க?"

"கணக்குப் பாத்துட்டுச் சொல்லுதேன்னேன்."

பியூலா வில்லையை எடுத்து ஈயப் பெட்டியில் வைத்து மூடினார். கோமதிநாயகம் தாளை நாலாக மடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

"அப்புறம் காரியத்துக்கு லீவு இல்லாமப் போயிட்டா மேடம்?"

பியூலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

"சிங்காநல்லூர்லருந்து வாசுதேவநல்லூர் வழியாப் போற தென்காசி பஸ் எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணே காலுக்கு ஒண்ணு இருக்கு."

"யோசிக்காமச் சொல்றீங்களே?"

"ஏழு வாரமா தினமும் போன்ல எடுத்துப் பாக்கேன் மேடம்."

"நமக்கு நேரம் தெரிஞ்சது அந்த பஸ் ஒண்ணுதான் சார். கிளம்புங்க."