மூன்று முறை திரும்பி வந்த திரை

“இன்னும் எத்தனை தடவைதான் மாஸ்டர் இதைப் பிரிக்கது?”

இசக்கியப்பன் மடித்த திரைத்துணியை வெட்டும் மேசைமேல் போட்டார். மேசை ஆடியது.

ஜெபக்கனி தலை தூக்கவில்லை. ஸ்கிரீன் தைக்கும் அந்தக் கடை அவளுடையது. வயது முப்பத்தாறு. இசக்கியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. இருபது வருஷம் சட்டை தைத்தவர், ஏழு மாதமாக அவளிடம் ஸ்கிரீன் தைக்கப் படிக்கிறார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார்.

“மரகதவல்லி டீச்சர் வீடா?”

“வேற யாரு. மூணாவது தடவை.”

“இப்ப என்ன குறையாம்?”

“முதல்ல குட்டைன்னாங்க. இறக்கிக் குடுத்தேன். அப்புறம் மடிப்பு ஜாஸ்தின்னாங்க. குறைச்சேன். இப்ப வீடே இருட்டிப் போச்சாம்.”

“கனத்த துணி யாரு கேட்டது?”

“அவங்கதான். எதிர்வீட்டு நிழல்கூட உள்ள விழப்படாது, லைனிங் குடு, நடுவுல பிரிவு இல்லாம ஒத்தைத் துணியாத் தைன்னாங்க.”

“எதிர்வீட்ல யாரு?”

“கூடப் பிறந்த தங்கச்சி. பதினோரு வருஷமாப் பேச்சு கிடையாது.”

மிஷின் கொஞ்சம் ஓடியது. நின்றது.

இசக்கியப்பன் ஆணியில் தொங்கிய தன் பையை எடுத்தார். கத்தரியைப் போட்டார். கண்ணாடிக் கூட்டைப் போட்டார்.

“சட்டைன்னா ஒரு ஆளு வருவான். அளவு குடுப்பான். போட்டுப் பார்ப்பான். பிடிக்கலேன்னா ஏசிட்டாவது போவான். இங்க ஜன்னலா வாயத் திறந்து சொல்லுது? உடம்புல தெம்பு இல்ல மாஸ்டர். நாளைல இருந்து நான் வரல.”

“சரி. போகுமுன்ன அதை மட்டும் விரிச்சுப் போட்டுட்டுப் போங்க.”

விரித்தார்.

“எங்க அழுக்கு இருக்கு?”

“நாலு நாள் தொங்கின துணி. என்ன அழுக்கு இருக்கப் போகுது?”

“பாருங்களேன்.”

கீழ் மடிப்பைப் பார்த்தார். சுத்தம். மேல் பட்டியைப் பார்த்தார். சுத்தம். இடது ஓரத்தில் மட்டும், பாதிக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மஞ்சளும் எண்ணெயும். அந்த இடத்தில் துணி கசங்கியிருந்தது.

“அடுப்படியில இருந்து வந்து கை துடைச்சிருக்காங்க. படிச்சவங்க செய்யுத வேலையா இது?”

“கை துடைக்க அவ்வளவு உயரமா?”

அவர் குனிந்து கறையை இன்னொரு தடவை பார்த்தார்.

கடைச் சுவரில் மாதிரிக்கு, ஜன்னல் உயரத்தில், ஒரு கம்பி உண்டு. ஜெபக்கனி ஸ்டூலில் ஏறித் திரையை அதில் மாட்டினாள். கறை அவர் நெஞ்சுக்கு நேரே நின்றது.

“டீச்சர் எம்புட்டு உயரம்?”

“என் தோளுக்கு வருவாங்க.”

சொல்லிவிட்டு, முழங்காலை மடக்கித் தன்னைக் குறுக்கிக்கொண்டார். இப்போது கறை அவர் முகவாய்க்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் சொல்லாமலே கை போய் அதைப் பிடித்தது. லைனிங் கொடுத்த துணி விறைத்துக்கொண்டு நின்றது. பலமாக இழுத்த பிறகுதான் இரண்டு விரல் அகலம் விலகியது.

பின்னால் வெறும் சுவர்தான். ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“மாஸ்டர்.”

“ம்.”

“இந்த ஓரத்துல இருந்து தங்கச்சி வீட்டு வாசல் தெரியாது. கழுத்தை நல்லா வளைக்கணும்.”

“அப்படியா?”

“வாசல் நடுவுல வரும். நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கம்.”

ஜெபக்கனி திரையை இறக்கி மேசைமேல் போட்டாள்.

“எங்க வெட்ட?” என்று கேட்டார்.

“நானா போய் ஜன்னலை அளந்தேன்?”

அவர் பையிலிருந்து கத்தரியை எடுத்தார்.

வெட்டினார். ஒன்று இரண்டானது. வெட்டிய ஓரங்களில் நாலு விரல் அகலத்துக்கு லைனிங்கைப் பிரித்து எடுத்தார். ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஓரம் அடித்தார். கறையைச் சோப்புப் போட்டு அலசினார்.

மறுநாள் போய் மாட்டினார்.

மரகதவல்லி டீச்சர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார்.

“ஒத்தைத் துணியாத்தானே கேட்டேன்? இதென்ன, ரெண்டாப் பிளந்து கொண்டாந்திருக்கீரு?”

“கனம் தாங்காம கம்பி வளைஞ்சிரும் டீச்சர்.”

டீச்சர் கம்பியை அண்ணாந்து பார்த்தார். கட்டைவிரல் தடிமன் எஃகு. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பிறகு ஒரு விரலால் நடு ஓரத்தைத் தொட்டார். அது உடனே விலகியது. தொட்ட விரலை எடுத்துக்கொண்டார்.

“வளையும், வளையும்,” என்றார். “வளையத்தான் செய்யும்.”

இசக்கியப்பன் கடைக்குத் திரும்பி, பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“என்ன குறை சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. காப்பி குடுத்தாங்க.”

ஜெபக்கனி ஒரு துண்டுச் சீட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“அடுத்தது. ஏழுக்கு நாலு, ரெண்டு ஜன்னல். துணி அந்தா இருக்கு. வெட்டிருங்க.”

“யார் வீடு?”

“பின் தெருவுக்குப் புதுசாக் குடி வந்தவங்க. போன்லயே அளவு சொல்லிட்டாங்க.”

அவர் சீட்டைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

“அளவுதான் இருக்கே அண்ணாச்சி. எங்க கிளம்பிட்டீங்க?”

அவர் தெருவில் இறங்கியிருந்தார். பை ஆணியில் தொங்கியது.