கலியன் பிடித்த கடைசி மீன்

ஏரிக்கரை ஊர் ஒண்ணுல ஒரு தூண்டில்காரர் இருந்தார். பேர் கலியன். நீ 'ம்' சொன்னாத்தான் மேல போவேன்.

ம்.

அவர் செய்யற தூண்டில் கம்பு மாதிரி சுத்துப்பட்டுல எங்கயும் கிடைக்காது. மூங்கிலை அனல்ல வாட்டி, நிமித்தி, எண்ணெய் தடவி, காத்துல ஒரு வீசு வீசுவார். 'ச்சுய்ங்'னு சத்தம் வரணும். வரலேன்னா கம்பு அடுப்புக்குப் போயிடும். அந்த ஊர்ல ஒரு வழக்கம். புதுக் கம்புல மாட்டுற முதல் மீன், கம்பு செஞ்சவருக்கு. அதனால கலியன் வீட்டுல தினமும் மீன் குழம்புதான்.

அப்புறம் ஒரு நாள் பெருமாள் கோயில்ல பட்டர் கதை சொன்னார். பெருமாள் ஒரு காலத்துல மீனா வந்தாராம். கலியனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்டுக்கு வந்தவர் சோத்துல கை வைக்கல.

"என்னய்யா, உப்பு இல்லையா?"ன்னு கேட்டா அவர் பொண்டாட்டி சௌந்தரம்.

"பெருமாளே மீனா வந்தவராம் புள்ள. நான் அவருக்கே முள்ளு வச்சிட்டிருந்திருக்கேன்."

"நம்ம ஏரிக்கா வந்தாரு?"

"எந்த ஏரின்னு பட்டர் சொல்லலியே."

கோயில் ஏரிக்கு நடுவுல ஒரு திட்டுல இருந்துச்சு. கலியன் போய், எனக்கு இங்க ஒரு வேலை கொடுங்கன்னு கேட்டார்.

பட்டர் சொன்னார், "கடையைச் சாத்திட்டு வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள வா. விளக்கு ஏத்துற வேலை உனக்கு. வரலேன்னா வேற ஆள். வேலைக்கு வந்தப்புறம் தூண்டில் முள்ளைத் தொடக் கூடாது."

வெள்ளிக்கிழமை கலியன் முள்ளையெல்லாம் குழி தோண்டிப் புதைச்சார். கடையைச் சாத்தினார். ஒரே ஒரு புதுக் கம்பு மிச்சம், இன்னும் தண்ணி படாதது. அதுல துணி மூட்டையைக் கோத்துத் தோள்ல வச்சுக்கிட்டுக் கிளம்பினார்.

அப்போ மணியக்காரர் குறுக்க வந்தார். "கலியா, மாப்பிள்ளைக்குக் கம்பு தரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். தோள்ல இருக்கறதைக் கொடு, ரெண்டு எருமை தரேன்."

"கடை சாத்தியாச்சுங்க. இது மூட்டைக் கம்பு."

கலியன் ஓடினார். சூரியன் பனைமர உசரத்துக்கு இறங்கிடுச்சு.

அப்புறம் பரிசல்ல ஏறினார். பாதி ஏரியில 'தளக்'. தொடை தண்டி விரால் ஒண்ணு பக்கத்துலயே துள்ளுச்சு. கலியன் கை தானா கம்புக்குப் போச்சு. அவர் என்ன பண்ணார் தெரியுமா? தன் கை மேலயே உக்காந்துக்கிட்டார். துடுப்புப் போட ஆள் இல்லாம பரிசல் கிறுகிறுன்னு சுத்துச்சு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

பரிசல் சுத்திச் சுத்தி ஒரு வழியா திட்டுல ஒதுங்குச்சு. அங்க பட்டர் படித்துறையில நின்னுட்டிருந்தார். கலியனைப் பார்த்த சந்தோஷத்துல கையைத் தூக்கினார் பாரு, கோயில் சாவி நழுவி, 'டுபுக்'. தண்ணிக்குள்ள போயிடுச்சு. சூரியன் ஏரியைத் தொட்டாச்சு. சாவி இல்லேன்னா கதவு திறக்காது, விளக்கு எரியாது, வேலையும் இல்லை.

"முள்ளு ஏதாவது இருக்காடா?"ன்னார் பட்டர்.

"புதைச்சுட்டேன் சாமி."

கலியன் மூட்டையை உதறினார். வெறுங்கம்பைத் தண்ணிக்குள்ள விட்டார். கண்ணை மூடிக்கிட்டார். கம்பு நுனியில கொசு உக்காந்தாக்கூட அவர் விரலுக்குத் தெரியும். சேறு... கல்லு... 'கிணுக்'. சாவி வளையம். நுனியை நுழைச்சுத் தூக்கினார், நழுவிடுச்சு. மறுபடி தூக்கினார், மறுபடியும் நழுவிடுச்சு. சூரியன் ஒரு கீத்துத்தான் மிச்சம். மூணாவது வாட்டி கீழே ஏதோ வழவழன்னு உரசிட்டுப் போச்சு. வளையம் கம்புல சரக்னு ஏறிடுச்சு. சாவி 'ச்சுய்ங்'னு வெளியே வந்துச்சு.

கதவு திறந்துச்சு. கலியன் அதே கம்பு நுனியில திரியைச் சுத்தி, உசரத்துல இருந்த விளக்கை ஏத்தினார். ஏரி முழுக்க வெளிச்சம்.

அப்புறம் சாவியைப் பட்டர்கிட்ட நீட்டினார். பட்டர் வாங்கல.

"புதுக் கம்பு தானே?"

"ஆமா சாமி."

"அப்போ முதல்ல மாட்டினது செஞ்சவனுக்குத்தானே. நீயே வச்சுக்கோ. நாளையிலேருந்து நீதான் கதவைத் திறக்கணும்."

சாவி கலியன் இடுப்புக்குப் போச்சு, விரால் தண்ணிக்குப் போச்சு, என் கதை உன் தலகாணிக்கு அடியில போச்சு. கண்ணை மூடு.