கல்வீட்டுப் பல்லி பேச்சிழந்த கதை

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் உண்டு. நம்மைப் போலவே பேசும். நம்மைவிட அதிகமாகவும் பேசும். மலைச்சரிவில் தன்னந்தனியாக நின்ற ஒரு கல்வீட்டில் அப்படியொரு பல்லி இருந்தது. வீட்டுக்காரி பெயர் குருவாயி. அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து கட்டிய வீடு அது. சேறு குழைக்காமல் கல்லின்மேல் கல்லை அடுக்கி, சந்துகளில் கற்சில்லு செருகிய சுவர். இரண்டு முழ அகலம். அந்தச் சந்துகளில்தான் பல்லி குடியிருந்தது.

அண்ணன் பிழைப்புத் தேடிக் கீழ்நாட்டுக்குப் போனான். அறுவடைக்கு வந்துவிடுவேன் என்றான். இரண்டு அறுவடை போயிற்று. குருவாயி தினமும் கதவில்லாத வாசலில் நின்று பாதையைப் பார்ப்பாள்.

“வீணா நிக்காதே,” என்றது பல்லி. “ஒங்கண்ணன் வரமாட்டான். திரும்பி வர்றவன் வீட்டுக் கதவைக் கழட்டித் தோள்ல வெச்சுக்கிட்டா போவான்?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தப் பல்லிக்கும் அதே கதிதான். சொன்னது உண்மை, அதனால்தான் அவளுக்கு அப்படிச் சுட்டது.

குருவாயி சேறு குழைத்தாள். “மூணு நாள் வாயை மூடிக்கிட்டு உள்ளே கெட!” என்று நான்கு சுவரிலும் ஒரு சந்து விடாமல் அப்பினாள்.

வெயிலில் சேறு இறுகிப்போனது. சந்துகளில் காற்றுகூட நுழையவில்லை. மறுநாளே அவளுக்குத் தாங்கவில்லை. கூழ் காய்ச்சினாள், உப்பு போதுமா என்று கேட்க ஆளில்லை. அண்ணன் போனபோதுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. சேற்றைக் கொத்த அரிவாளை எடுத்தாள். ஆனால் எல்லாச் சந்தும் ஒன்றுபோல இருந்தது. பல்லி எதற்குள் இருக்கிறது?

கல் கல்லாக விரலால் தட்டிக்கொண்டே போனாள். “இருக்கியா? ஏ, இருக்கியா?”

கூரையை ஒட்டிய கல்லைத் தட்டியபோது உள்ளேயிருந்து “ச்சு... ச்சு...” என்று கேட்டது. சேற்றைக் கொத்தி எடுத்தாள். பல்லி வெளியே வந்தது, உயிரோடுதான். ஆனால் உள்ளே கத்திக் கத்தித் தொண்டை போய், அந்த ஒரு சத்தம்தான் மிச்சமிருந்தது.

“என்னைத் திட்டேன். எதையாச்சும் பேசேன்,” என்று அழுதாள் குருவாயி.

“ச்சு,” என்றது பல்லி.

அந்தச் சந்தை அவள் பிறகு மூடவே இல்லை. அண்ணனும் வரவில்லை. சாகும்வரை, பல்லி சத்தமிடும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டுச் சுவரில் தட்டி, “இருக்கேன், இருக்கேன்” என்பாள்.

அன்றைக்குப் பிறகுதான் அந்த மலையில் கல்வீடு கட்டுகிறவர்கள் கூரையடியில் ஒரு சந்தைப் பூசாமல் விடுகிறார்கள். பல்லி சொன்னால் நாமும் விரலால் தட்டுகிறோம். சகுனம் என்கிறார்கள். சகுனமாவது ஒன்றாவது! ஆளிருக்கிறதா என்று அது கேட்கிறது. இருக்கிறோம் என்று நாம் சொல்கிறோம்.