பார்க்க மாட்டேன் என்ற பக்கம்

“ஒருபக்கச் சோதனையா மாத்திக்கலாமா சார்?” என்று கேட்டாள் மரகதவல்லி.

பெண்கள் விடுதி ஒன்றின் காப்பாளர் அவள். ஐம்பது வயதுக்கு மேல் உளவியல் ஆய்வுக்கு வந்தவள். அவளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த ஜெபக்குமார் அவளைவிட வெகுவாக இளையவர்.

மூச்சுப்பயிற்சி செய்தால் தேர்வு பயம் குறையுமா என்பதுதான் ஆய்வு. பயிற்சி பெறாத குழுவைவிடப் பயிற்சி பெற்ற மாணவிகளுக்குப் பயம் குறைந்துதான் இருந்தது.

ஆனால் அவள் செய்திருந்தது இருபக்கச் சோதனை. பயம் குறைந்ததா என்று மட்டுமல்ல, கூடியதா என்றும் அது பார்க்கும். இது தற்செயல் அல்ல என்று காட்ட வேண்டிய அளவை அதில் முடிவு மயிரிழையில் தவறவிட்டது. குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் தேறிவிடும்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். எல்லாரும் செய்வதுதான், மாற்றிவிடுங்கள் என்று அவளுடைய நெறியாளர் சொல்லிவிட்டாராம்.

“பயம் கூடியிருந்தா என்ன செய்வீங்க அக்கா?”

“எப்படி சார் கூடும்? மூச்சு விட்டா யாராவது பயப்படுவாங்களா?”

“விடலைன்னாதான் பயப்படணும்,” என்றார் அவர். “சரி, ஒருவேளை கூடியிருந்தா?”

“அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டேன்.”

“அப்ப ஒருபக்கம் போதும்.”

நிம்மதியாக டீ வாங்கிவரப் போனாள்.

திரும்பி வந்தபோது ஜெபக்குமார் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்று அதில் இருந்தது.

டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். முதலில் குழுப் பெயர்களை யாரோ மாற்றிப் பதிந்திருக்க வேண்டும் என்றாள். கண்ணை மூடி உட்கார்ந்ததும் பயம்தான் முன்னால் வந்து நின்றிருக்கும் என்று அவளாகவே காரணமும் சொன்னாள். இப்போது விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் தினமும் காலையில் அதைத்தான் செய்கிறார்கள்.

கைப்பேசியை எடுத்தாள்.

“யாருக்குக்கா போன்?”

“விடுதியில பயிற்சி நடத்துற புஷ்பத்துக்கு. நாளையிலேர்ந்து பயிற்சி வேண்டாம்னு சொல்லணும்.”

“அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்னீங்களே.”

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெயர்களை மாற்றியது தான்தான் என்று சொல்லி, ஜெபக்குமார் அவற்றைப் பழைய இடத்தில் வைத்தார். பயிற்சி பெற்றவர்களின் பயம் மறுபடியும் குறைந்தது.

“சொல்லுங்க மேடம்,” என்றாள் மறுமுனையில் புஷ்பம்.

மரகதவல்லி திரையை விட்டுத் திரும்பினாள்.

“பயிற்சி முடிச்சதும் எந்தப் பிள்ளைக்காவது பயம் கூடுதான்னு கேட்டு வை. நான் வர்றேன்.”